முடியாத மேற்குச் சுவர்

எட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். சிரிப்பு சுப்பண்ணன் பெயிண்டர் தனபாலுக்குத் தர வேண்டிய பாக்கி அது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் பழகிய தனபால், யாரும் சொல்லாமல் தானாக எழுதிய முதல் வரியே அதுதான். ‘சுப்பண்ணன் மேக்குச் செவுரு 8460.’ அந்தச் சின்ன நோட்டு இன்னும் அவர் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. அட்டை போய்விட்டது. வரி போகவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மகள் கல்யாணத்துக்காக சூலூர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டிருந்தார் சுப்பண்ணன். சத்தியமங்கலத்திலிருந்து ஆனைமலை வரைக்கும் அவர் ஏறாத திருவிழா மேடை கிடையாது. வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சனம் சிரித்துவிடும். தனபால் மூன்று பக்கச் சுவரை முடித்தார். மேற்குப் பக்கம் பாதி மஞ்சள் ஏறியிருந்தபோது கூலிப் பணம் நின்றுபோனது.

“செவுத்த முடிச்சுப்போட்டுக் காசை வாங்கிக்கப்பா” என்றார் சுப்பண்ணன்.

“காசை வெச்சாத்தானுங்கண்ணா பிரஷ்ஷைத் தொடுவேன்” என்றார் தனபால்.

அவ்வளவுதான். இருவரும் இறங்கி வரவில்லை. கல்யாணமும் அந்தப் பாதிச் சுவரோடேயே நடந்தது.

அதோடு விட்டிருந்தாலும் தனபால் மறந்திருப்பார். அடுத்த மாசி மாதம் ஆனைமலையில் திருவிழா. தனபால் மனைவி மாரியாத்தாளோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். மேடையில் சுப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“எங்கூட்டுக்கு ஒரு பெயிண்டர் வந்தானுங்க. மூணு செவுரு அடிச்சான். நாலாவது செவுத்துக்கிட்டப் போனதும் பிரஷ்ஷைக் கீழ வெச்சுப்போட்டான். ஏனப்பான்னு கேட்டா, ‘செவுரு வெக்கப்படுதுங்க, காசைக் காட்டுனாத்தான் இந்தப்பக்கம் திரும்பும்’கறான்!”

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. மாரியாத்தாளும் சிரித்தாள். பிறகுதான் புருஷன் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்தினாள். பணம் போனதைவிட அந்தச் சிரிப்புதான் தனபாலுக்கு உள்ளே தங்கிவிட்டது.

இதெல்லாம் பழைய கதை. இந்த ஆவணி மாதம், மேஸ்திரி பிரான்சிஸ் தனபாலை அவினாசி ரோட்டில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். மில்காரர் குடும்பத்து மருமகள் பிரத்யுஷா படக் கண்காட்சிக்கென்று கட்டி வைத்திருக்கும் மண்டபம். நாலு பக்கமும் வெள்ளை அடிக்க வேண்டும், கண்ணுக்குச் சுவரே தெரியக் கூடாது, படம் மட்டும்தான் தெரிய வேண்டும் என்று அந்த அம்மணி சொல்லியிருந்தாள்.

“செவுரே தெரியக் கூடாதுன்னா எதுக்குங்க கட்டுனாங்க?” என்றார் தனபால்.

“கேள்வி கேக்காம ரோலரை எடுங்க” என்றார் பிரான்சிஸ்.

மூன்று நாள் வேலை. தனபால் பட்டி பார்த்தார், தேய்த்தார், இரண்டு கோட்டு ஓட்டினார். நாலாம் நாள் காலையில் டச்சப் மட்டும் பாக்கி. அப்போதுதான் ஒரு டெம்போ வந்து நின்றது. பழைய போர்வைகளில் சுற்றி, பிளைவுட் பலகைகள் இறங்கின. பிரான்சிஸும் தனபாலும்தான் தூக்கி வந்து, அம்மணி குறித்துக் கொடுத்த இடங்களில் மாட்டினார்கள். முதல் போர்வையை உருவியதும் கீழ் மூலையில் கறுப்பு எழுத்து தெரிந்தது. தனபால் எழுத்துக் கூட்டிப் படித்தார். சு-ப்-ப-ண்-ண-ன்.

“இதாரு, சிரிப்பு சுப்பண்ணனா?”

“ஆமாங்க. சம்சாரம் போனதுக்கப்புறம் மனுசன் மேடை ஏறுறதில்லையாம். எழுபது வயசுல படம் போட ஆரம்பிச்சுட்டாராம். நம்ம கடைகள்ல மிஞ்சுற எனாமல் டப்பாவை வாங்கித்தான் போடறாராம். பேப்பர்ல எல்லாம் வந்துதே. பலகைக்கு எவ்வளவு போட்டிருக்குது பாருங்க.”

சின்னச் சீட்டில் நாற்பத்தைந்தாயிரம் என்று போட்டிருந்தது.

தனபால் அந்தத் தொகையை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். முப்பத்து மூன்று வருஷமாக அதே எனாமல்தான் அவர் கையிலும் இருக்கிறது. நகக்கண்ணில் ஒட்டியது சோறு தின்னும்போதும் போகாது. எத்தனை வீடு, எத்தனை கல்யாண மண்டபம், எத்தனை மில் காம்பவுண்டு! எந்தச் சுவரின் மூலையிலாவது ‘தனபால்’ என்று எழுத ஒருத்தர் சொன்னது உண்டா? ஒரே ஒரு தடவை, ஒண்டிப்புதூரில் குடியிருந்த வாடகை வீட்டில், மிச்சப் பெயிண்டை வைத்து உள்சுவரில் ஒரு மயில் வரைந்தார். தோகைக்கு மட்டும் நாலு நாள் பிடித்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. வெள்ளையடிச்சுப்போட்டுக் காலி பண்ணுங்க” என்றார். தனபால் தன் கையாலேயே அதன் மேல் இரண்டு கோட்டு ஏற்றினார். மூன்றாவது கோட்டும் ஏற்ற வேண்டியிருந்தது. மயில் லேசில் மறையவில்லை.

இந்தச் சுப்பண்ணனுக்கு என்ன? வாயால் பிழைத்தவர். கை நடுங்கும் வயதில் பிரஷ்ஷைத் தொட்டார், ஊரே வந்து நிற்கிறது.

தனபால் ஒவ்வொரு படமாகக் குற்றம் தேடிக்கொண்டே போனார். குற்றம் இருக்கத்தான் இருந்தது. இந்த நீலம் வழிந்திருக்கிறது. இந்த எருமைக்கு விளிம்பு பிடிக்கத் தெரியவில்லை. இங்கே காய்வதற்குள் இரண்டாம் கோட்டு போட்டிருக்கிறான், சுருங்கிக் கிடக்கிறது. நம்மிடம் வேலைக்கு வந்திருந்தால் முதல் நாளே திட்டி அனுப்பியிருப்போம் என்று நினைக்க நினைக்க மனசு கொஞ்சம் ஆறியது.

கடைசிப் பலகைக்கு வந்தபோது கால் நின்றுவிட்டது.

சவுக்குக் கம்புச் சாரம். அதன் மேல் முதுகைக் காட்டி ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். தலையில் முண்டாசு, தொங்குகிற கையில் பிரஷ். அவனுக்கு இடப்பக்கம் பாதிச் சுவர் மஞ்சள். வலப்பக்கம் பாதி வெறும் பூச்சு, சாம்பல் நிறத்தில், மழைக்கறை திட்டுத் திட்டாக. இடது தோளை ஒரு பக்கம் சாய்த்து உட்காரும் அந்த முதுகு தன்னுடையது என்று தனபாலுக்குக் கண்ணாடி பார்க்காமலே தெரிந்தது. கீழே சீட்டில் ‘மேற்குச் சுவர்’ என்று எழுதி, பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

“சிவப்புப் பொட்டுன்னா வித்துப்போச்சுன்னு அர்த்தம். அம்மணியே எடுத்துக்கிட்டாங்களாம்” என்று சொல்லிவிட்டு பிரான்சிஸ் சாப்பிடப் போனார்.

மண்டபத்தில் தனபால் மட்டும் நின்றார். வாயால் சிரிக்க வைத்தது போதாதென்று, இப்போது படமாகப் போட்டு மாட்டியிருக்கிறான். இவன்தான் வேலையைப் பாதியில் விட்டவன் என்று சாயங்காலம் கண்காட்சித் திறப்புக்கு வரும் ஊர்ப் பெரிய மனிதரெல்லாம் காபி குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். என் பாக்கி எட்டாயிரம் அப்படியே இருக்கிறது, அதை வைத்து நாற்பத்தைந்தாயிரம்!

அதற்கப்புறம் கைதான் வேலை செய்தது. பக்கத்தில் டச்சப் வெள்ளை டப்பா திறந்தபடி இருந்தது. நாலு இஞ்ச் பிரஷ்ஷை எடுத்தார். மஞ்சள் முடிகிற இடத்தில் விளிம்பு பிடித்தார், நூல் போட்ட மாதிரி நேராக. பிறகு மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு, அடுத்த இழுப்பு. ஒரு வழிசல் இல்லை. அந்த முண்டாசுக்காரன் மேல் ஒரு சொட்டு படவில்லை. கால் மணி நேரத்தில் பதினோரு வருஷத்து மேற்குச் சுவர் முடிந்துவிட்டது.

பிரஷ்ஷைக் கழுவும்போதுதான் செய்த காரியம் புத்திக்கு எட்டியது. விற்றுப்போன படம். அந்தப் பணத்தை யார் கட்டுவது? பிரான்சிஸ் இனி வேலைக்குக் கூப்பிடுவாரா? ஓடிவிடலாமா என்று நினைத்தார். ஓடினால் சுப்பண்ணன் அதையும் ஒரு கதையாக்கிவிடுவான் என்று உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்குச் சுப்பண்ணன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கூடவே பிரத்யுஷா. அவள்தான் முதலில் பார்த்தாள்.

“அய்யோ! யாருங்க இது? யாரு பண்ணுனது?”

பிரான்சிஸின் முகம் செத்துப்போனது. “அம்மணி, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க, நான் சாப்பிடப் போயிருந்தேனுங்க…”

“நான்தானுங்க” என்று எழுந்தார் தனபால்.

சுப்பண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. இப்போது வரும், அந்தத் துண்டை உதறுவான், ஏதாவது சொல்வான், இந்த அம்மணி சிரிப்பாள் என்று தனபால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அடித்தால்கூடப் பரவாயில்லை, சிரிப்பு மட்டும் வேண்டாம்.

சுப்பண்ணன் துண்டைத் தொடவில்லை. பலகைக்குக் கிட்டப் போய் அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“எத்தனை கோட்டு?”

“ஒண்ணுதானுங்கண்ணா.”

“ரெண்டு பேசியிருந்தமே?”

“நேரமில்லீங்க.”

சுப்பண்ணன் தலையை ஆட்டினார். “அம்மணி, இந்தப் படத்துக்கு நீங்க தர்ற அட்வான்ஸ்ல எட்டாயிரத்து நானூறு இப்பக் குடுங்க. அறுவது என்றகிட்ட இருக்குது.”

“எதுக்குங்கய்யா?”

“செவுத்த முடிச்சாக் காசுன்னு சொல்லியிருந்தேன். முடிச்சுப்போட்டானே.”

பிரத்யுஷா ஒன்றும் புரியாமல் கைப்பையைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள். சுப்பண்ணன் மடியிலிருந்து அறுபது ரூபாயை எடுத்துச் சேர்த்து நீட்டினார். ரூபாய் சுத்தமாக அந்த மனுஷன் நினைவு வைத்திருப்பார் என்று தனபால் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டார். பதினோரு வருஷப் பிடிவாதத்தில், காசு வருவதற்கு முன்னால் பிரஷ்ஷைத் தொட்டது தான்தான் என்பதும் கூடவே உறைத்தது.

சுப்பண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

“தனபாலு, நீ மேடை மேல நின்னு கூட்டத்தைப் பாத்திருக்கறயா?”

“எங்களையெல்லாம் யாருங்க ஏத்துறாங்க?”

“லைட்டு கண்ணுல அடிக்கும். ஒரு மொகமும் தெரியாது. வெறும் தலைதான். கறுப்புக் கறுப்பா, வரிசை வரிசையா. சிரிக்கறப்ப எல்லாத் தலையும் ஒண்ணா ஆடும். அவ போனதுக்கப்புறம் வாசல்ல உக்காந்து உன்ற செவுத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். நீ உட்டுப்போட்டுப் போன பாதி இருக்குதல்லொ, அதுல மழை எறங்கி எறங்கித் திட்டாப் போச்சு. ஒரு நாள் பாத்தா அத்தனையும் தலை. என்ற கூட்டம் அப்படியே வந்து உக்காந்திருக்குது. கரிக்கட்டைய எடுத்து ஒரு தலைய இழுத்தேன். அன்னைக்குத்தான் ஆரம்பிச்சது இந்தக் கிறுக்கு. மத்த மூணு செவுத்துல ஒண்ணுமே வரலையப்பா. நீ அத்தனை நல்லா அடிச்சிருந்தே.”

கிண்டலா என்று தனபால் அவர் முகத்தில் தேடினார். கிண்டல் இல்லை.

அப்போதுதான் பொறாமை முழுசாக வந்தது. காலையில் வந்தது வெறும் வயிற்றெரிச்சல். இது வேறு. எத்தனை ஆயிரம் கறையை இந்தக் கண் பார்த்திருக்கும்! கறையைப் பார்த்தால் தன் கை மறைக்கத்தான் போகும், மறைத்தால்தான் கூலி. அந்தச் சுவரில் பட்டி பார்த்தது நான், சாரம் கட்டியது நான், பாதியில் விட்டதும் நான். அதில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் வெள்ளையைத் திரும்பிப் பார்த்தார். நேராக, சுத்தமாக, செத்துக் கிடந்தது. வேலை தெரிந்தவன் கண்ணுக்கு அதைவிடப் பெரிய குற்றம் அந்த மண்டபத்தில் எந்தப் படத்திலும் இல்லை. வழிந்த நீலம்கூட இதற்கு மேல்.

குற்றத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தார்.

“என்ன பண்ணப்போறீங்க? இன்னும் கெடுத்துராதீங்க!” என்று பிரத்யுஷா குறுக்கே வந்தாள்.

“எனாமல் மேல நான் அடிச்ச வாட்டர் பெயிண்ட் நிக்காதுங்கம்மணி. காஞ்சாலும் ஈரத்துணிக்கு உரிஞ்சு வந்துரும்.”

“இது தெரிஞ்சுதான் அடிச்சயா?” என்றார் சுப்பண்ணன்.

தனபால் துணியை இன்னொரு தடவை பிழிந்தார். அது அவருக்கே தெரியவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம் அது.

மெதுவாகத் துடைத்தார். வெள்ளை, பால் ஆடை மாதிரி சுருண்டு வந்தது. முதலில் சாம்பல் தெரிந்தது. பிறகு ஒரு திட்டு. தள்ளி நின்று பார்த்தார், தலை. அடுத்த துடைப்பில் இரண்டு தலை, அதற்குப் பின்னால் வரிசை. மதியம் கண்ணுக்கு முன்னால் இருந்தவைதான் எல்லாம். கீழ் ஓரத்தில் ஒரு தலை மட்டும் மற்றவை மாதிரி பின்னால் சாயாமல் குனிந்திருந்தது. எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காத ஒருத்தன்.

“இது ஆருங்கண்ணா?”

“ஆனைமலைல நாலாவது வரிசைல உக்காந்திருந்தான் ஒருத்தன். அந்தத் தலை மட்டும் ஆடல. அன்னைக்கே பாத்தேன்.”

தனபால் துணியை வாளியில் போட்டார். கைவிரல்களைத் துடைத்துக்கொண்டு பணத்தை எடுத்து, ஸ்டூல் பக்கத்தில் இருந்த டப்பா மூடியின் மேல் வைத்தார்.

“எதுக்கப்பா?”

“செவுரு முடியலீங்களே. முடியாத வேலைக்கு நான் காசு வாங்கறதில்லீங்க.”

“இனி ஊட்டுக்கு வந்து முடிச்சுக் குடுப்பயோ?”

“அதை ஆரும் தொடக் கூடாதுங்க. உங்க மருமகன் வெள்ளையடிக்கறேன்னு வந்தாலும் உடாதீங்க.”

“அப்பப் பாக்கி?”

தனபால் நோட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, தான் எழுதிய முதல் வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதுவும் நேராகத்தான் வந்தது.

“பாக்கி இல்லீங்கண்ணா. வாரேனுங்க.”

வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நெஞ்சில் எரிந்தது அணையவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் ஒரு காம்பவுண்டுச் சுவர், வெள்ளை பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும், முழுக்க மழைக்கறை. பஸ் வந்து, நின்று, போனது. தனபால் அந்தச் சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.