பாம்புப் பெட்டியின் பின்மூலை

இடைவெளி என்றால் எனக்கு ஆகாது. இருபத்தாறு வருடமாகக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறேன். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறைக்குப் போய் மூலைகளைப் பார்த்து மனதுக்குள் திட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். எங்கள் ஊரான டுவும்பாவில் பாதி வீடுகளில் அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு மில்லிமீட்டர் விட்டிருந்தால்கூட ராத்திரி தூக்கம் வராது. என் சொந்த வீட்டில் நான் சகித்துக்கொண்ட இடைவெளி ஒன்றே ஒன்றுதான், என் மகள் டீகனின் அறைக்கதவுக்கு அடியில் இருப்பது. அதில் வெளிச்சம் தெரிந்தால் அவள் விழித்திருக்கிறாள் என்று அர்த்தம். ஐந்து மாதமாக அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த வெளிச்சம் சொன்னதுதான்.

அவளுக்குப் பதினாறு வயது. பிப்ரவரியில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்தோம். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா, அடித்தார்களா, காதலா, கத்திரிக்காயா என்று எல்லாம் கேட்டாகிவிட்டது. தெரியவில்லை என்பாள். அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் எங்களைக் கொன்றது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மனநல ஆலோசகரம்மா கணினியில் முகம் காட்டினார். டீகன் கணினியை மூடி வைத்துவிட்டாள். தான் தொட்டது எதுவும் உருப்படாது என்று அவள் ஒரு தடவை தன் அம்மாவிடம் சொன்னாளாம். என் மனைவி ஜோலீன் சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டுகிறாள். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். அதனால் பெரும்பாலான நாட்கள் அந்த வீட்டில் நானும் ஒரு மூடிய கதவும்தான்.

ஜூலையில் ஒரு நாள் சமையலறையில் நின்று ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து டீகன் என் போனுக்குச் செய்தி அனுப்பினாள். ஒரு பாம்பு வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாள். எங்கள் ஊரில் கொட்டகைக்குள் பாம்பு வந்தால் பிடிக்கிற ஆளுக்கு போன் போட்டுவிட்டு மேசை மேல் ஏறி நிற்கிற ஜாதி நான். ஆனால் ஐந்து மாதத்தில் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அது. முதலை கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். ரொட்டி கருகியதுகூடத் தெரியாமல் பதில் தட்டினேன்.

பாம்பு வளர்க்க லைசன்ஸ் எடுத்தேன். மலையிறங்கினால் வருகிற கேட்டன் ஊரில் மெரில் என்றொரு அம்மாள் பாம்புக் குஞ்சு பொரித்து விற்கிறாள் என்று கேள்விப்பட்டு போன் செய்தேன். டீகனும் கேட்கட்டும் என்று கதவுக்கு வெளியே நின்று ஸ்பீக்கரில் போட்டேன். மெரில் வளவளவென்று பேசுகிறவள் அல்ல. முதலில் பெட்டி, அப்புறம்தான் பாம்பு என்றாள். ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தைந்து. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு இடம். பெட்டியைக் காலியாகவே ஒரு வாரம் ஓட்டி, சூடு நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூட்டுகளை அடைக்க மீன்தொட்டிக்குப் பூசுகிற சிலிக்கான் பசை மட்டும்தான் பூசலாம், அதுவும் பூசி ஒரு வாரம் காற்றாட விட வேண்டும். என் தொழிலைக் கேட்டதும் குரல் மாறியது.

"டைல்ஸ்காரனா? உன்கிட்டதான் நான் ரெண்டு தடவ சொல்லணும். பாத்ரூம்ல பூசுறத உள்ள கொண்டு வந்துடாத. அதுல பூஞ்சைய கொல்ற மருந்து இருக்கு. தலைய உள்ள விட்டு மோந்து பாரு, வினிகர் வாடை அடிச்சா என்கிட்ட வராத."

நான் சிரித்தேன். கதவுக்குப் பின்னால் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. டீகன் எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் கொட்டகைக்கு வந்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாசலிலேயே நின்று, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். ஜூலைதான் எங்களுக்குக் குளிர்காலம், வெளியே புல்லெல்லாம் உறைபனி. யாரோ தெருவோரம் போட்டிருந்த டிவி அலமாரியை நான் எடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் பெட்டியாக மாற்றினோம். காற்றுத் துளைகள் எங்கே என்று அவள் சொன்னாள், நான் துளைத்தேன். முன்பக்கம் நகரும் கண்ணாடி. சூட்டு விளக்கைச் சுற்றிக் கம்பிவலை, இல்லாவிட்டால் பாம்பு அதில் போய்ச் சுற்றிக்கொண்டு வெந்துபோகுமாம். சூட்டை அளக்கிற நுனியை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் அவளுக்கும் சண்டையே வந்தது. அவள் ஜெயித்தாள். மீன்தொட்டி சிலிக்கானை அவளே பூசினாள். என் விரல் துறுதுறுத்தது, ஆனாலும் கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றேன். பூசியது கோணல்மாணல்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

மதியம் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' ஒன்றை முழுசாகத் தின்றாள். தக்காளி சாஸ் இன்னும் வேண்டும் என்று கேட்டாள். நான் சாஸ் எடுக்கப் போகிற சாக்கில் வீட்டுக்குள் போய் ஒரு நிமிடம் அழுதுவிட்டு வந்தேன்.

பெட்டியை வரவேற்பறையில் வைத்தோம். ஒரு வாரம் அவள் ஒரு தாளில் நாளுக்கு நான்கு தடவை இரண்டு பக்கச் சூட்டையும் எழுதினாள். அதற்காக நாளுக்கு நான்கு தடவை அறையிலிருந்து வெளியே வந்தாள். நான் வேலைக்குப் போய்விட்டு வந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பேன். நான் பாட ஆரம்பித்திருந்தேன் என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. எனக்குக் குரல் கிடையாது. ஜோலீன் என்னைக் காரில் பாட விடுவதில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மெரில் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். காலை ஏழு மணிக்கு டார்ச்சை அடித்துப் பெட்டிக்குள் கடைசியாக ஒரு பார்வை பார்த்தேன். இடது பின்மூலையில், அவள் பூசிய கோட்டுக்குக் கீழே, ஒரு இடைவெளி இருந்தது. மெல்லியதுதான், ஒரு தீக்குச்சி நுழையாது. பாம்புக் குஞ்சும் நுழையாது. ஆனால் நான் பார்த்துவிட்டேனே.

வண்டியில் என் தொழில் சிலிக்கான் இருந்தது. போய் எடுத்து வந்து பூசி, விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். ஒரு நிமிட வேலை. கை முடித்த பிறகுதான் மெரில் சொன்னது நினைவுக்கு வந்தது. தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இருபத்தாறு வருடம் அதையே சுவாசித்த மூக்கு. அதற்கு அது வாசனையே இல்லை. வழித்தெடுத்துவிட்டு மறுபடி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அப்போது டீகன் தலை வாரி, காலணி போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஐந்து மாதத்தில் அவள் காலணி போட்டு நான் பார்க்கவில்லை. இன்னும் ஒரு வாரம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் திரும்பி அறைக்குள் போய்விட்டால்? போய் வரும்வரை காற்றாடட்டும் என்று மின்விசிறியைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆசைக்காரனுக்கு அதுகூட இல்லை.

புள்ளி மலைப்பாம்புக் குஞ்சு, பேனா கனம்தான் இருக்கும். உடம்பெல்லாம் பழுப்பு வட்டங்கள். ஜோலீன் தோசைக்கல்லில் சுடுகிற குட்டிப் பைக்லெட் பணியாரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி டீகன் அதற்குப் பைக்லெட் என்றே பெயர் வைத்தாள். மலை ஏறி வரும்போது மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து அதைப் பெட்டிக்குள் விட்டாள், கண்ணாடியைச் சாத்தினாள், விளக்கைப் போட்டாள். உள்ளே சூடு ஏறியது. அன்று மாலை, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் போய்ப் பார்க்கிறேன் என்றாள். நான் அலட்டிக்கொள்ளாமல் சரி என்றேன். பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினேன்.

திங்கட்கிழமை அரை நாள் போய் வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை பைக்லெட் தலையைச் செங்குத்தாக மேலே தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. திருப்பிப் போட்டால் நிமிரத் தெரியவில்லை. கால்நடை டாக்டரிடம் ஓடினோம். அரை மணி நேரத்தில் அதன் உயிர் போய்விட்டது. டீகன் காலி டப்பாவோடு போய்க் காரில் உட்கார்ந்தாள். டாக்டர் என்னை நிறுத்தி, பெட்டியை எதைக் கொண்டு ஒட்டினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

காரில் டீகன் தன் தாளைப் பிரித்து வைத்திருந்தாள். பாம்பு வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, சூடு முப்பத்துநான்கு என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தாள். அதை விரலால் காட்டினாள்.

"பாரு, ரெண்டு டிகிரி கூட. நான் கவனிக்கல. நான்தான் அத வேக வச்சுட்டேன்."

இல்லை என்றேன். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தட்டில் வைத்த சாப்பாடு கதவுக்கு வெளியே அப்படியே காய்ந்தது. நானோ வேலைக்குப் போய் ஊரார் குளியலறையில் அதே சிலிக்கானைப் பூசிக்கொண்டிருந்தேன். சொன்னால் என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயம். ஜோலீன் ஊரில் இல்லை, எனக்கும் கதவு திறக்காவிட்டால் அவளுக்கு யார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு நல்ல சட்டை போட்டுவிட்டால் பார்க்க அக்கறை மாதிரியே இருக்கும்.

பதினோராம் நாள் ஜோலீன் சுரங்கத்திலிருந்து வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள், அந்தப் பிள்ளை தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு பதினோரு நாளாக உள்ளே கிடக்கிறதா என்று.

"போயி சொல்லு, டெரில். இப்பவே. நீ சொல்றியா நான் சொல்லட்டுமா?"

கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அடியில் வெளிச்சம் இருந்தது. மூலையில் இடைவெளி பார்த்தது, வண்டியிலிருந்து எடுத்தது, பூசியது எல்லாம் சொன்னேன். சூடு காரணமில்லை, உன் தாளில் ஒரு தப்பும் இல்லை என்றேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்றும் சொன்னேன். அந்த ஒரு சொல்லை மட்டும் எனக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. அவள் முகம் பாதி தெரிந்தது. உதடு வெடித்திருந்தது.

"எனக்குத் தெரியும்பா. அன்னைக்கு, சனிக்கிழமை காலைலயே வாடை அடிச்சுது. மெரில் சொன்ன அதே வினிகர் வாடை."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ பாடிட்டு இருந்த. சொன்னா நீ பாடறத நிறுத்திடுவியோன்னு நினைச்சேன். அப்பா பூசினா சரியாத்தான் இருக்கும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். நான் வேக வச்சதா நினைச்சுக்கிறது இதவிடப் பரவால்லன்னு இருந்துச்சு." கதவைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "நீ தெரியாமப் பண்ணின. நான் தெரிஞ்சே அதை உள்ள விட்டேன்."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஜோலீன் எனக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கீழே குனிந்து, அந்த இடைவெளியில் வாயை வைத்து, எனக்கும் தெரியும் டீகன், தெரிந்துதான் செய்தேன், தெரியாமல் என்று சொன்னது பொய் என்றேன். மறுபடியும் சொன்னேன். என்னைச் சமாதானப்படுத்தப் பேசுகிறாய் என்று உள்ளிருந்து களைத்த குரலில் பதில் வந்தது. நான் மூன்றாவது தடவை ஆரம்பிப்பதற்குள் டீகன் ஒரு துண்டைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் திணித்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், எங்கும் விடாமல், நன்றாக அழுத்தித் திணித்தாள்.