நெஞ்சில் வைக்கிற குருசு

நீலம் மட்டும் கறுக்கவில்லை, சுற்றியிருக்கும் வெள்ளி உப்புக்காற்றில் கறுத்துப் போனாலும் குருசின் நடுவில் எனாமலில் தீட்டிய மாதாவின் முக்காடு அதே நீலமாகத்தான் இருக்கிறது, திருவிழாவுக்குப் பீடத்து வெள்ளிச் சாமான்களைத் துலக்குவது ஊர்ப் பெண்கள் நாங்கள்தான், மெழுகுவர்த்தித் தண்டுகளுக்குப் பல்பொடி போதும், எனாமலுக்கு அது ஆகாது, தண்ணீரும் நைந்த பருத்தித் துணியும்தான், பதமாகத் துடைப்பேன் என்று குருசை எப்போதும் என்னிடம் கொடுப்பார்கள், அதைத் தேய்க்கிற கையால எம் முதுகையும் ஒருநாள் தேய்ச்சா என்னட்டி என்று கோயில் வாசலில் வலையோடு நின்று கேட்பார் என் புருசன், போன ஆடியில் கடலுக்குப் போனவர், படகு பிளந்து கரைக்கு வந்தது, அவர் வரவில்லை, ஆனாலும் கனவில் நனைந்த தலையோடு வந்து முதுகைக் காட்டி உட்காருகிறார், தேய்க்கத் தேய்க்க முதுகு வெள்ளியாக மின்னுகிறது, இங்கன திரும்புங்களேன் என்றால் திரும்புவதில்லை, விழித்தால் கோபம் கோபமாக வருகிறது.

எங்கள் ஊரில் யார் செத்தாலும் புதைக்குமுன் அந்தக் குருசை நெஞ்சில் வைத்து எடுப்பார்கள், குடித்தே செத்தவனுக்கும் வைத்தார்கள், கோயில் படி மிதிக்காதவனுக்கும் வைத்தார்கள், என் புருசனுக்கு மட்டும் இல்லை, அவருடைய கட்டம் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு போய், இதன்மேல் ஒரு நிமிசம் வைத்து எடுங்கள் போதும் என்றேன், உடம்பு இல்லாம எப்படி தங்கச்சி, நாளைக்கே தஸ்நேவிஸ் உயிரோட வந்து நின்னா ஊரு சிரிக்காதா, எதுக்கும் பங்குச் சாமியார்கிட்ட கேளு என்றார் கமிட்டித் தலைவர் ரெமிஜியுஸ் அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமில்லம்மா, குருசு ஊர்ச் சொத்து, தலைவர் சரின்னா சரி என்றார் சாமியார், தலைவரிடம் போனால் சாமியார், சாமியாரிடம் போனால் தலைவர், நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது, வந்து நின்றால் நிற்கட்டுமே, நான் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன், எரிச்சலில் சோறு இறங்கவில்லை, அழுகைகூட வரவில்லை.

நாளை கொடியேற்றம், குருசு வைக்கிற பெட்டியைத் திறந்துவிட்டு நாற்காலி போட்டு ரெமிஜியுஸ் அண்ணாச்சியே காவல் இருக்கிறார், ஈரத்துணியால் துடைத்து முடித்து, பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்து மடியில் விரிக்கிறேன், அதன் கைகளை உள்ளே மடித்து, காலரைக் கீழே தள்ளி, குருசை அதன்மேல் கிடத்துகிறேன், நல்லா ஒத்தி எடு தங்கச்சி, ஓரத்துல தண்ணி நின்னா எனாமல் விட்டுப்போகும் என்கிறார், ஒத்துகிறேன், அவசரப்படாத, ஈரம் முழுக்கப் போற வரைக்கும் அதுமேலயே கெடக்கட்டும், யாரும் எடுக்காதீங்க என்று மற்ற பெண்களையும் அதட்டுகிறார், சரி அண்ணாச்சி என்கிறேன், மாதாவின் நீலத்துக்குக் கீழே கட்டம் போட்ட சட்டைப்பை, இத்தனை நாள் எங்கே இருந்ததோ அழுகை, இப்போது வருகிறது, நீலத்தின்மேல் ஒரு சொட்டு விழுந்துவிட்டது, காஞ்சிருச்சா என்று கேட்கிறார், இல்ல அண்ணாச்சி, இன்னும் ஈரமா இருக்கு, கொஞ்ச நேரம் கெடக்கட்டும் என்கிறேன்.