இடைவேளைக்கு முந்தைய பாட்டு

"சாய்க்காதீங்க, சாய்க்காதீங்க" என்றாள் சின்னவள், படிக்கட்டின் மேலிருந்து.

ஸ்ட்ரெச்சரின் முன்முனையைப் பிடித்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவு குறுகலான திருப்பத்தில் சாய்க்காமல் எப்படி இறக்குவது என்ற கேள்வி அவன் முகத்தில் இருந்தது. நியாயமான கேள்விதான். சாய்த்தால் சிந்திவிடும் என்று பயப்பட அதில் ஒன்றுமில்லை. படுத்திருந்தது அவளுடைய அப்பா. கழிப்பறைக் கூண்டுகளை லாரியிலிருந்து இறக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய், ஆள் பார்க்காமல் சொல்லிவிட்டது.

"பரவால்ல. சாய்ச்சுக்கோங்க" என்று திருத்தினாள்.

"தலைப் பக்கம் மேல இருக்கட்டும்ப்பா" என்றாள் அம்மா. "கீழ போச்சுன்னா அவருக்குத் தலை சுத்தும்."

இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் தலைப் பக்கத்தை உயர்த்திப் பிடித்தார்கள். வண்டி பிணவறைக்குப் புறப்பட்டுப் போனது. வெளிநாட்டிலிருந்து அண்ணன் நாளைக் காலையில்தான் வந்து சேர முடியும். அவன் வந்ததும் அடக்கம். ஆக, மிச்சமிருந்த அந்த நாள் யாருக்கும் ஒரு வேலையும் வைக்காமல் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பாவைத் தொழில் வட்டாரத்தில் தொட்டிக்காரர் என்பார்கள். கல்யாணம், மாநாடு, ஓட்டப்பந்தயம், கட்சிக் கூட்டம் என்று எங்கே கூட்டம் கூடினாலும் அங்கே நகரும் கழிப்பறைகளை வாடகைக்கு வைத்து, நிரம்ப நிரம்ப டேங்கரில் உறிஞ்சி எடுத்துப் போவது அவர் தொழில். "மேடையில யார் வேணா பேசலாம். கீழ நான் இல்லன்னா பத்து நிமிஷத்துல கூட்டம் கலைஞ்சிரும்" என்பார். நெஞ்சுவலி வந்தபிறகு தொழில் சின்னவள் கைக்கு வந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்த இடங்களில் அம்மா அதை "சுகாதாரத் துறை" என்று சொல்லிவந்தாள்.

காலையில் அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். மாலைக் கச்சேரிக்குக் காலையிலேயே சவரம். பாதி முகம் முடிந்த நிலையில் நாற்காலியில் சற்று உட்காருகிறேன் என்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து கையை விரித்துப் போனபிறகு, மீதிப் பாதியை அம்மாவே மழித்து முடித்தாள். 

"எதுக்கும்மா அதெல்லாம்? அங்க இருக்கறவங்க பாத்துப்பாங்கல்ல" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் குற்றம் கண்டுபிடிக்கும் கண் வீங்கவில்லை.

"பாதியோட எப்படி அண்ணி அனுப்புறது" என்றாள் அம்மா.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பழ வடிவக் காந்தம் ஒன்றின் கீழ், இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. தண்ணீர் எடுக்கப் போன ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். பார்க்காததுபோல் தண்ணீர் குடித்தார்கள்.

விஷயம் இதுதான். வருடாவருடம் ஊருக்கு வெளியே உள்ள பெரிய மைதானத்தில் இசை விழா நடக்கும். அதில் ஒரு நாட்டுப்புறப் பாடகி பாடுவார். அப்பா இளைஞராக, மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே அந்தம்மா அங்கே பாடுகிறார். அப்பாவுக்கு அவர் குரல் என்றால் உயிர். ஆனால் அப்பா இருந்தது மேடைக்குப் பின்னால், கழிப்பறை வரிசைக்கும் வேலிக்கும் நடுவே. அங்கிருந்து பாடகியின் முதுகுகூடத் தெரியாது. மேடையின் கறுப்புத் துணிதான் தெரியும். 

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. இடைவேளைக்கு முன்பு பாடகி எப்போதும் ஒரே பாட்டைத்தான் பாடுவார். ஒரு பெண், ஆற்றங்கரையில் ஒதுங்கிய துடுப்பு ஒன்றைக் கண்டெடுக்கிறாள்.

ஆத்தோரம் ஒதுங்கிருச்சு ஒத்தத் துடுப்பு
ஆரு கையி தேடுதோடி அந்தத் துடுப்பு

இது முதல் கண்ணி. இரண்டாம் கண்ணியில் அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள்.

வாசலில சாச்சிருக்கேன் காயட்டும்னு
வந்து கேட்டாக் குடுத்திரலாம் போகட்டும்னு

மூன்றாம் கண்ணியில் என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டாம் கண்ணி முடியும்போதே கூட்டத்தில் சிலர் இடைவேளையை மோப்பம் பிடித்து எழ ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் தொட்டிகளைக் காலிசெய்தாக வேண்டும். "மூத்திரப்பைக்கு ரசனை கிடையாது" என்று சொல்லிக்கொண்டே அப்பா டேங்கரின் உறிஞ்சும் மோட்டாரைப் போடுவார். அது போடும் இரைச்சலில் பாடகி மட்டுமல்ல, ஒரு ராணுவமே பாடினாலும் கேட்காது. மோட்டார் நிற்கும்போது கைதட்டல் ஓய்ந்திருக்கும்.

வீட்டில் அந்தப் பாட்டை அப்பா பாடும்போது "போகட்டும்னு" வரைக்கும் உருக்கமாகப் பாடி, பிறகு "டுர்ர்ர்ர்" என்று முடிப்பார். அண்ணனும் சின்னவளும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அதை அப்படியே பாடி இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறார்கள். 

போனில் தேடினால் முழுப்பாட்டும் ஒரு நொடியில் கிடைக்கும். சின்னவள் எடுத்துக் காட்டியபோது அப்பா கையால் திரையை மூடினார். "வேணாம். போட்டோவுல இருக்கற குழந்தையக் கொஞ்சுற மாதிரி. நேர்லயே கேட்டுக்கறேன்." அதன்பிறகு தானாகக் கேட்டுக்கொள்வதும் துரோகம்போல் இருந்ததால் அவளும் கேட்கவில்லை. பதிலாக, துடுப்புக்குச் சொந்தக்காரன் திரும்பி வந்தானா என்று வீட்டில் வாதம் மட்டும் நடக்கும்.

"கண்டிப்பா வருவான்" என்பார் அப்பா. "யோசிச்சுப் பாரு. ஒரு துடுப்பு போயிடுச்சு. மிச்சம் ஒரு துடுப்பு. ஒரு பக்கமே போட்டா படகு வட்டம்தான் அடிக்கும். வட்டம் அடிக்கறவன் திரும்பி வந்துதானே ஆகணும்."

"வந்திருந்தா பாட்டு எதுக்குங்க?" என்பாள் அம்மா.

தொழிலை விட்ட முதல் வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த வருடம் பாடகி ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்த வருடம்தான் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே இருந்தார்கள், இன்று காலைவரை. முன்வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள். அம்மாவும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். 

மதியம் விழா மேலாளர் போன் செய்தார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. பெரிய மனுஷன். ஈடு செய்ய முடியாத இழப்பு." மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் தொடர்ந்தார். "அப்புறம், பின்வரிசையில லேசா வாடை வருது. சாயந்தரம் யாராவது வருவாங்களா?"

இருந்த இன்னொரு ஓட்டுநர் நூறு மைல் தள்ளி வேறொரு விழாவில் மாட்டியிருந்தார். "நான் வரேன் சார்" என்றாள் சின்னவள்.

அத்தை பிடித்துக்கொண்டாள். "அப்பன் போன அன்னிக்கு மகள் கச்சேரிக்குப் போறாளாம்."

"கேக்கப் போகல அத்தை. உறிஞ்சப் போறேன்."

"ஷ்ஷ்" என்றார் மாமா. அத்தையின் கணவர், ஓய்வுபெற்ற நூலகர். பேச்சு பிடிக்காவிட்டாலும் பிடித்தாலும் அவரிடமிருந்து முதலில் வருவது அதுதான்.

அம்மா எழுந்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினாள். டிக்கெட்டுகள் காற்றில் ஒருமுறை எழும்பிப் படிந்தன.

"நானும் போகட்டுமான்னு பாக்கறேன்" என்றாள்.



"எங்க?" என்றாள் அத்தை. தெரிந்தே கேட்டாள்.

"இன்னிக்கு உறிச்சுப் போட்ட வெங்காயம் மாதிரி இருக்கு அண்ணி வீடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணு எரியுது. அவர் அங்க இருக்காரு, நான் இங்க இருக்கேன். அங்க போயும் உக்கார முடியாது, ஆறு மணிக்கு மேல விட மாட்டாங்களாம்."

"அதுக்காகப் பாட்டு கேக்கவா? ஊரு என்ன பேசும்?"

"ஊரு நாளைக்குத்தான் அண்ணி வரும். இன்னிக்கு நாம மட்டும்தானே."

"கட்டின புருஷன் ஐஸ் பொட்டியில இருக்கான்..."

"ஷ்ஷ்" என்றார் மாமா மறுபடி. பிறகு, யாரும் எதிர்பாராதபடி, மேலும் பேசினார். "லைப்ரரியில நிறைய பேரப் பாத்திருக்கேன். முடிக்காமயே புத்தகத்தத் திருப்பித் தருவாங்க. எதையோ வச்ச இடம் மறந்த மாதிரியே நிப்பாங்க கொஞ்ச நேரம்."

"இவருக்கு எழவு வீட்லயும் லைப்ரரி" என்றாள் அத்தை. ஆனால் குரல் இறங்கியிருந்தது. மூக்கைச் சிந்தினாள். சிறிது நேரம் கைக்குட்டையையே மடித்துக்கொண்டிருந்தாள். "நேத்துகூட போன்ல அதத்தான் பேசினான். அக்கா, நாளைக்கு இந்நேரம் தெரிஞ்சுரும்னான். வட்டம் அடிச்சுத்தான் வருவான், பாருன்னான்."

அம்மா காந்தத்தை நகர்த்தி டிக்கெட்டுகளை எடுத்தாள்.

"கறுப்புக் கலர்ல ஏதாவது போட்டுக்கிட்டுப் போ" என்றாள் அத்தை கடைசியில். "வந்ததும் எனக்குச் சொல்லு, அவன் வந்தானா இல்லையான்னு."

அம்மா அதுவரை அந்த டேங்கரில் ஏறியதே இல்லை. ஏறும்போது கைப்பிடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஏறினாள். வழியெல்லாம் பேசவில்லை. ஒரு சிக்னலில் மட்டும், "உங்கப்பா இவ்வளவு உயரத்துல உக்காந்துதான் ஊரப் பாத்தாரா" என்றாள்.

"ஆமாம்மா."

"என்கிட்ட சொன்னதில்லையே."

மைதானத்தின் முன்வாசலில் அவளை இறக்கிவிட்டாள் சின்னவள். கைப்பையை அணைத்துக்கொண்டு, ஒரு டிக்கெட்டைக் காட்டி, இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மா உள்ளே போவது தெரிந்தது. இளசுகளின் கூட்டத்தில் அந்தக் கறுப்பு உடை சீக்கிரம் மறையவில்லை.

பின்பக்கம் வெயில் சாய்ந்திருந்தது. சின்னவள் ஒவ்வொரு கூண்டாகத் திறந்து பார்த்து, கழுவி, நீல மருந்து ஊற்றி, காகிதம் மாட்டினாள். மேடைக்குப் பின்னால் வந்து நின்ற காரிலிருந்து, ஒருவர் தோளைப் பிடித்தபடி, குள்ளமான ஒரு கிழவி இறங்கினார். நேராக இவளிடம் வந்தார்.

"எது சுத்தமா இருக்கும்மா?"

முதல் கூண்டைக் காட்டினாள். கிழவி உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டபிறகுதான், சுவரொட்டியில் பார்த்த மூக்கு அது என்று சின்னவளுக்கு உறைத்தது. ஒரு பிளாஸ்டிக் கதவுதான் நடுவில். துடுப்புக்காரன் வந்தானா பாட்டிம்மா என்று ஒரு வரி கேட்டால் போதும். கதவு திறந்தது.

"நல்லா வச்சிருக்கே" என்றார் கிழவி.

"தேங்க்ஸ்ம்மா" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

குரல் கிளம்பியபோது முதுகுத்தண்டு நிமிர்ந்தது. அந்த உடம்புக்குள் அந்தக் குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஒலிபெருக்கிகள் எல்லாம் மறுபக்கம் பார்த்திருந்தாலும் இந்தப் பக்கமும் தெளிவாகக் கேட்டது. பாட்டுக்குப் பின் பாட்டாக வானம் மங்கியது. பிறகு மேளம் நின்று, துடுப்பு கரை ஒதுங்கியது.

சின்னவள் அளவுக்குழாய்களைப் பார்த்தாள். நடுவில் இருந்த கூண்டுகளின் தொட்டிகள் விளிம்புவரை நிரம்பியிருந்தன. இன்னும் ஒரு கூட்டத்தைத் தாங்காது. கொஞ்சம் பொறுக்கலாமா என்று கை மோட்டாரின் நெம்புகோல் மேலேயே இருந்தது. துடுப்பு வாசலில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் முதல் ஆட்கள் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்வது தெரிந்தது. "போகட்டும்னு" என்று குரல் இழுத்து இறங்கியது.

மோட்டாரைப் போட்டாள். மைதானம், பாட்டு, வானம் எல்லாம் அந்த இரைச்சலுக்குள் போய்விட்டன. 

குழாயை முதல் தொட்டிக்குள் இறக்கினாள். இரண்டாவது முடிந்து மூன்றாவதுக்குப் போனபோது, வேலியோரமாக யாரோ கேபிள்களைத் தாண்டித் தாண்டி வருவது தெரிந்தது. அவசரக்காரர் யாரோ என்றுதான் நினைத்தாள். கைப்பையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள். அம்மாவின் வாய் ஏதோ சொன்னது. கேட்கவில்லை. சின்னவள் மோட்டாரை நிறுத்தத் திரும்பி ஓடப் போனாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். மேடையின் கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் கண்ணி நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும்; துணி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா கைப்பையை டேங்கரின் படியில் வைத்தாள். வண்டிக்கும் கூண்டுக்கும் நடுவே தொய்ந்து கிடந்து அதிர்ந்துகொண்டிருந்த குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை, தோள், காதோர முடி எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன.

அந்த இடத்தில் குழாயைப் பிடிக்கத் தேவையே இல்லை. சின்னவள் அதைச் சொல்லவில்லை. போய் அடுத்த கூண்டின் கதவைத் திறந்தாள்.