ஒரு கிலோ

தொண்ணூற்றிரண்டு கிலோ என்று கிளினிக் தாதி எழுதிக்கொண்டபோது லவீனாவுக்கு வெட்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. தம்பி சிமியோனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி எட்டு மாதமாகியிருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தார்கள். தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க லவீனா முன்வந்தாள். அவளுடைய இரத்தமும் அவனுக்குப் பொருந்தியது. ஆனால் இந்த உடம்போடு சத்திரசிகிச்சை செய்ய முடியாது, எழுபத்தெட்டுக்கு இறங்கினால்தான் மற்றச் சோதனைகளைத் தொடங்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பட்டினி கிடந்து எடையைக் கெதியாகக் குறைக்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றார். கொடுக்கிறவள் முதலில் சுகமாக இருக்க வேண்டும், மாதம் இரண்டு கிலோ போதும். சாப்பாட்டுக் கோப்பையில் அரைவாசி மரக்கறியும் கீரையும், கால்வாசிதான் சோறு, மீதிக்கு மீன் அல்லது பருப்பு. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிட நடை. அவ்வளவுதான்.

நாற்பத்தொரு வயதுவரை குருநகரில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தே காலம் போக்கியவளுக்கு அந்த அவ்வளவு பெரிதாக இருந்தது. முதல் நாள் கடற்கரை வீதியில் பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கி, வலை காயப்போட்டிருந்த மதிலில் சாய்ந்து நின்றாள். அடுத்த மாதம் பண்ணைப் பாலம்வரை போய்த் திரும்பினாள். சிமியோன் ஓட்டோவை அவளுக்குப் பின்னால் மெல்ல உருட்டிக்கொண்டு வருவான். உடம்பு இயலாத நாளில் வீட்டிலிருந்தே எத்தனை கிலோ என்று போன் எடுத்துக் கேட்பான்.

"நான் தண்ணியை அளந்து குடிக்கிறன், நீ சோத்தை அளந்து தின்னுறாய். நல்ல குடும்பம்," என்று ஒருநாள் சிரித்தான். நாளுக்கு அரைப் போத்தல் தண்ணீர்தான் அவனுக்கு. அவனுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க அவளுக்கு மனம் வராது.

ஐந்தாம் மாதம் எண்பத்திரண்டுக்கு வந்தாள். சட்டைகளை எல்லாம் பிரித்து ஒடுக்கித் தைத்தாள். அந்த மாதம்தான் சிமியோனின் மகளுக்குக் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை. வீடு நிறைய ஆட்கள். லவீனா ஒரு துண்டுக் கேக்கும் தொடாமல் பந்தலில் நின்றதைக் கண்டு சிமியோன் தானே கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

"இண்டைக்கு ஒருநாள் சாப்பிடு அக்கா. உன்னை இப்பிடிப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு."

சாப்பிட்டாள். ஒருநாளோடு நிற்கவில்லை. மிஞ்சிய கேக்கையும் ரோல்ஸையும் சிமியோனின் மனைவி றொசாந்தி கட்டிக் கொடுத்துவிட்டாள். லவீனா தன் வீட்டுக் குசினியில், அடுப்படியில் நின்றபடியே அவற்றைத் தின்று முடித்தாள். நடையும் இரண்டு கிழமை விட்டுப்போயிற்று. அடுத்த கிளினிக்கில் ஒரு கிலோ கூடியிருந்தது. பேருந்தில் அழுதுகொண்டு வந்தாள். மறுநாளிலிருந்து ஒரு பிடியும் பிசகவில்லை.

எழுபத்தொன்பதில் நின்றபோது, ஒரு வியாழக்கிழமை சிமியோனுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தது. இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். ஞாயிறு விடிய அவன் போய்விட்டான். முப்பத்தாறு வயது.

சவவீட்டில் லவீனா அழவில்லை. சவப்பெட்டிக்குச் சொல்வது, பாதருக்குச் சொல்வது, றொசாந்தியைப் பிடித்திருப்பது எல்லாம் அவள்தான். கையில் எடுத்த வேலையை விட்டால் விழுந்துவிடுவாள் போல ஓடித் திரிந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. தூரத்திலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்திக்கு எதுவும் தெரியாது. நல்லாய் மெலிந்துவிட்டாய், என்ன செய்தாய், எனக்கும் சொல்லன் என்று ஆசையோடு கேட்டாள். லவீனா சோற்றின் அளவையும் நடையையும் பொறுமையாகச் சொன்னாள். அவள் போனபிறகு குசினிக்குள் வந்து மர வாங்கில் இருந்தாள். றொசாந்தி சோறு போட்டுக் கையில் கொடுத்தாள்.

"நான் பிந்திப்போனன், றொசாந்தி."

"ஓம் மச்சாள். பிந்தித்தான் போச்சு." றொசாந்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள் இறங்கியிருந்தாலும் சோதினையள் இன்னும் மூண்டு மாசம் எடுத்திருக்குமெண்டு டொக்டர் சொன்னவர். அண்டைக்குச் சாப்பிடச் சொன்னதும் உங்கடை தம்பிதான். எல்லாம் தெரியும். தெரிஞ்சும், அவர் கண்ணை மூடினவுடனை எனக்கு உங்கடை அந்த ஒரு கிலோதான் ஞாபகம் வந்தது."

"எனக்கும்," என்றாள் லவீனா.

அதற்குமேல் அவளால் இருக்க முடியவில்லை. முப்பத்தொரு நாளும் வராத அழுகை உடம்பைக் குலுக்கிக்கொண்டு வந்தது. வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். றொசாந்தி கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, பக்கத்தில் நெருங்கி இருந்துகொண்டாள்.