ஆறேகால் மணி இரைச்சல்

பிறர் விஷயத்தில் தலையிடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. என் வீட்டு ஜன்னல் ஸ்கந்தனின் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது, அவ்வளவுதான். பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நாளெல்லாம் குனிந்து எழுதிவிட்டு வருகிறவன், சாயங்காலம் ஆறேகாலுக்கு மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டு ஜன்னலோரம் உட்காருவது ஒரு குற்றமா? எழுந்து போகும்போது விசிறியை நிறுத்துவதில்லை என்பதுதான் என் மனைவி வள்ளி என்மேல் வைக்கும் ஒரே குற்றச்சாட்டு. மற்றவை எல்லாம் அதன் கிளைகள்.

ஸ்கந்தன் குருக்கள் வீட்டுப் பிள்ளை. இருபத்து நாலு வயது. காலையில் பெரிய கோயிலில் பூஜை முறை, சாயங்காலம் எங்கள் சந்தில் மணியம்மாள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. அவன் வீட்டில் இரண்டு அறைக்கு ஒன்பது பேர். அங்கே வயருக்கு ஈயப்பற்று வைத்தால் புகை நேராகச் சுவாமி படத்துக்குப் போகிறது என்று அண்ணன் துரத்திவிட, சும்மா கிடந்த இந்த இடத்தைச் சொற்ப வாடகைக்குப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு கார் பாட்டரி, வயர் குவியல், பாதியில் நிற்கும் ஆம்ப்ளிஃபயர். அதில் பாட்டைப் போட்டால் உச்சத்தில் குரல் உடைந்தது. எங்கே உடைகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாதாம். ஒலியின் அலையைக் கண்ணால் பார்க்க ஆஸிலாஸ்கோப் என்று ஒரு கருவி வேண்டுமாம்.

அந்த 2003-ஆம் வருஷம் முழுக்க அவன் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தான். பெண் பார்க்கப் போனவர்கள்கூட இத்தனை குறை சொன்னதில்லை. இரண்டு முறை சென்னைக்குப் பஸ் ஏறிப் போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு இறங்கினான்.

"இன்னா சாமி, வாங்கலியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"இல்ல ரைட்டர் சார். பழசு ஒண்ணு இருந்துது, டிரங்குப் பெட்டி சைஸுல. எப்ப திரை அணையும்னு விக்கறவனுக்கே தெரியல."

"சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு சொன்னியே?"

"அது கம்ப்யூட்டர்ல செருகறது. கம்ப்யூட்டர் திரையிலயே அலையைக் காட்டிடும். ஆனா செகண்டுக்கு எத்தனை தடவை அளக்கும்னு கேட்டா கடைக்காரர் விலையைச் சொல்றார். கம்மியா அளந்தா இல்லாத அலையைக் காட்டும் சார்."

"இல்லாததையும் காட்டுதுன்னா விலை ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "சும்மா கிடைக்கறது ஒண்ணும் இருக்கு. கம்ப்யூட்டர்ல மைக் செருகற ஓட்டைல வயரை விட்டா, இலவச சாஃப்ட்வேர் படம் வரையும். மெதுவான அலைதான் தெரியும். கொஞ்சம் வோல்ட் ஜாஸ்தியானா உள்ள இருக்கற கார்டே போயிடும். அதெல்லாம் விளையாட்டுச் சாமான் சார்."

பிறகு ஒரு நோட்டுடன் சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். நோட்டில் மூன்று கருவிக்கும் மூன்று பத்தி. ஒன்றில் எழுதுவான், நின்று யோசித்து அடிப்பான், மறுபடி நடப்பான். பார்க்கிற எனக்கே கால் வலித்தது.

அப்போதுதான் இரைச்சல் ஆரம்பித்தது. சாயங்காலமானால் சந்தில் எல்லா வீட்டு டிவியிலும் புள்ளியும் கோடுமாக ஓடியது. மணியம்மாள் பார்க்கும் சீரியலில் அழுகிற மருமகளின் முகம் ஐந்து துண்டாகி, எந்தத் துண்டு அழுகிறது என்று தெரியாமல் போயிற்று. காரணத்தை முதலில் கவனித்தவன் நான்தான். தற்பெருமை இல்லை, ஜன்னல் அப்படி அமைந்தது. ஸ்கந்தன் அறையில் விளக்கு எரியும், சற்று நேரத்தில், சரியாக ஆறேகாலுக்கு, கோடுகள் வரும். இதை நான்கு வீட்டில்தான் சொன்னேன். ஏழு வீடுகள் தாமாகவே வந்து கேட்டன.

மணியம்மாள் படிக்குக் கீழே போய் நின்றாள். "சாமி, நீ நல்ல புள்ள. ஆனா ரூமை விட்டுடு. இன்னும் அஞ்சு நாள்ல பௌர்ணமி. மலை சுத்த வர்றவங்களுக்கு ஒரு ராத்திரிக்கு விட்டா எனக்கு உன் ரெண்டு மாச வாடகை வந்துரும்."

"அம்மா, நான் ஒண்ணும் பண்ணல. பாருங்க." ஸ்கந்தன் அறையின் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, செல் போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திருப்பினான். அது கர்ரென்று இரைந்தது. "எல்லாத்தையும் அணைச்சும் இரையுது பாருங்க. இது என் ரூம்ல இருந்து வரல."

மணியம்மாள் யோசித்தாள். உதவி செய்யலாமே என்று நான்தான், "பாட்டரி வச்சிருக்கானே. சுவிட்ச அணைச்சா பாட்டரி அணைஞ்சிடுமா?" என்றேன்.

"அதானே!" என்றாள் அவள். "ரைட்டரே, உன் கையெழுத்து நல்லாருக்கும். ஒரு போர்டு எழுதிக் குடு."

எழுதினேன். 'பௌர்ணமி யாத்ரீகர்களுக்கு அறை வாடகைக்கு விடப்படும்.' நானே அவள் வாசல் கேட்டில் கம்பி போட்டு இறுகக் கட்டினேன்.

ஸ்கந்தன் போர்டைப் பார்த்தபடி நின்றான். "வீட்டுக்குக் கொண்டுபோனா எல்லாத்தையும் பழைய சாமான் கடைல போடுன்னு அண்ணா சொல்லிட்டார், சார்" என்றான். நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். அன்று அவன் நடந்த நடையில் நோட்டு இல்லை. வெறும் நடை.

மறுநாள் காலையில் மணியம்மாளைப் பிடித்தான். "யார் பண்றாங்கன்னு காட்டிட்டா ரூமை விட வேணாம்தானே?"

"காட்டு, பாக்கலாம்."

சோப்பு டப்பாவுக்கு எழுதிப்போட்டால் வந்து சேரப் பத்து நாள். பௌர்ணமிக்கு நான்கு நாள். ஆகவே விளையாட்டுச் சாமானே கதி. ரேடியோவின் இயர்போன் ஓட்டையிலிருந்து நீளமாக ஒரு வயர் இழுத்துக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் விட்டான். ரேடியோவை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தான். சாயங்காலம் சந்தே படிக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நின்றது. சற்று நேரம் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்த நான், கூட்டம் மறைத்ததால் எழுந்து வந்து முதல் வரிசையில் நின்றேன்.

கறுப்புத் திரையில் பச்சைக் கோடு சிலிர்த்துக்கொண்டிருந்தது. நடுவில் கள்ளிச்செடி முள்போல உயரமாக ஒன்று, சம இடைவெளி விட்டு இன்னொன்று, இன்னொன்று.

"செகண்டுக்கு நூறு முள்ளு" என்றான் ஸ்கந்தன். "வீட்டுக் கரண்ட் செகண்டுக்கு நூறு தடவை துடிக்கும். அதுல ஓடற எதுவோ, கரண்ட்டை வெட்டி வெட்டி எடுத்துக்குது. பாட்டரில இது வரவே வராது. ஒவ்வொரு வீடா மெயினை அணைங்க. எந்த வீட்டுல முள்ளு விழுதோ அதுதான்."

பட்டியல் நான் எழுதினேன். ஆட்டோ ஓட்டும் காசி நடுச்சந்தில் நின்று குரல் கொடுத்தான். "மொத வீடு, அணைங்க!" விளக்கு அணைந்தது. முள் அப்படியே நின்றது. "போடுங்க! அடுத்தது!" மணியம்மாள் வீட்டு முறை வந்தபோது கம்ப்யூட்டருக்குக் காசி வீட்டிலிருந்து வயர் இழுத்தோம். அப்போதும் முள் அசையவில்லை. ஸ்கந்தன் உட்காரவே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அவன் கை மேசை விளிம்பைப் பிடித்தது, விட்டது.

பதினோராவது வீடும் முடிந்தது. முள் நின்றது.

"அவ்ளோதான், லிஸ்ட் முடிஞ்சுது" என்றேன்.

மணியம்மாள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அவளுக்குப் படிக்க வராது, எண்ண வரும். "பதினொண்ணு இருக்கு. நம்ம சந்துல பன்னெண்டு வீடாச்சே ரைட்டரே?"

"எழுதறவன் வீட்டை எழுதற வழக்கம் இல்ல."

"காசி! ரைட்டரு வீட்டம்மாவ மெயினை அணைக்கச் சொல்லு!"

எதிரே என் ஜன்னல் இருண்டது. திரையில் முட்கள் ஒரே சமயத்தில் படுத்துவிட்டன. சந்து முழுக்க, "ஓ!" என்றது. உள்ளே மணியம்மாளின் டிவியில் மருமகள் ஒரே துண்டாக அழுதாள். காசி போடச் சொன்னதும் மீண்டும் முட்கள்.

"சார்," என்றான் ஸ்கந்தன் மெதுவாக, "வீட்ல புதுசா எதாச்சும் மாட்டினீங்களா?"

எனக்கு முன்னால் வள்ளிக்கு வாய் வந்தது. ஜன்னலிலிருந்தே கத்தினாள்: "ஃபேன் ரெகுலேட்டர்! பழசு பெரிசா அசிங்கமா இருக்குன்னு போன மாசம் சின்னதா ஒண்ணு மாட்னாரு! இப்பகூட ஓடவிட்டுட்டுதான் அங்க வந்து நிக்கிறாரு!"

"அஞ்சுல வைங்கம்மா" என்றான் ஸ்கந்தன். முட்கள் சுருங்கின. "ரெண்டுல வைங்க." விறைத்து எழுந்தன. நான் தினமும் வைப்பது இரண்டில்.

மணியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறேகாலுக்கு ஆரம்பிக்குது, ஆறேகாலுக்கு ஆரம்பிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னியே. நீ ஜன்னல்ல வந்து உக்கார்ற நேரத்தையா குறிச்சு வச்சிருந்த?"

காசி ஆட்டோ ஹாரனை இரண்டு முறை அழுத்தினான். அதற்கு அவசியமே இல்லை.

"போர்டைக் கட்டினது நீதானே? நீயே அவிழ்த்துடு" என்றாள் மணியம்மாள். "சாமி, நீ உள்ள போய் வேலையைப் பாரு."

பத்திரம் எழுதுகிறவன் முடிச்சு போட்டால் லேசில் அவிழாது. எல்லோரும் பார்க்க நகத்தால் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஸ்கந்தன் கட்டிங் பிளேயரோடு வந்து ஒரே வெட்டில் வெட்டிவிட்டான்.

"ரெகுலேட்டரைக் கழட்டிக் குடுங்க சார். உள்ள ஒரு காயில், அதான் கம்பிச்சுருள், சேத்துட்டா இரைச்சல் அடங்கிடும்."

"கோபம் இல்லியே?"

அவன் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பலகை நல்லாருக்கு. ஆம்ப்ளிஃபயருக்கு அடில வச்சுக்கட்டுமா?"

காயில் சேர்த்துத் தரும்வரை விசிறியை ஐந்தில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. காற்றில் காலண்டர் அடித்துக்கொள்கிறது, எழுதி வைத்த நகல்கள் பறக்கின்றன. இருந்தாலும் ஆறேகாலுக்கு உட்காருகிறேன். எதிரே அறையில் விளக்கு எரிகிறது. வாசலில் ஸ்கந்தன் நோட்டை விரித்து நடக்கிறான். ஆம்ப்ளிஃபயருக்கு இந்த விளையாட்டுச் சாமானே போதுமோ என்று இப்போது புதுச் சந்தேகமாம். எதுவுமே வாங்காமல் இருப்பதற்கென்று நான்காவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறான்.