ராசி கெட்டவன் பார்க்காத ஆட்டம்

எனக்கு பாஸ்கெட்பாலும் தெரியாது, பிலிப்பைன்ஸும் தெரியாது. சவுதியில், தமாமில் பதினொரு வருஷம் ஏசி மெக்கானிக்காக ரோடெலோடு ஒரே அறையில் கிடந்ததால் வந்த வினை. மரக்காணம் பக்கம் கூனிமேட்டிலிருந்து போன ஷஃபி நான்; டசோல் என்ற ஊரிலிருந்து வந்தவன் அவன். அவன் ஊரிலும் உப்பளம்தான் பிழைப்பு. முதல் வாரமே ஃபோனில் ஒரு உப்பு மேட்டைக் காட்டினான். "டேய், இது மரக்காணம்டா!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அன்றைக்கு ஒட்டியவன்தான்.

அவன் ஊர் டீமின் பெயர் சால்ட்டர்ஸ். சம்பளத்துக்கு ஆடுகிற டீம் என்று பீற்றிக்கொள்வான்; ஆட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது. வருஷா வருஷம் கடைசி இடம். நான் உட்கார்ந்து பார்த்தால் கண்டிப்பாகத் தோற்கும். டீ போட எழுந்து போனால் இரண்டு கூடை விழும். "பாய், நீ ராசி கெட்டவன், வெளியே போ" என்று கடைசிப் பத்து நிமிஷம் என்னைத் துரத்துவான். ராசி என்ற சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் ஊர் திரும்பி ஈசிஆர் ஓரம் ஏசி ரிப்பேர் கடை வைத்தேன். அவனுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. ஊரோடு போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இந்த வருஷம் சீசன் தொடங்கியதும் வீடியோ காலில் வந்தான். எனக்கும் டிவி தெரிகிற மாதிரி ஃபோனைத் தன் பக்கத்தில் நிறுத்தி வைப்பான். அங்கே ராத்திரி ஏழரை, இங்கே சாயங்காலம் ஐந்து. முதல் நாலு ஆட்டமும் தோல்வி. ஐந்தாவது ஆட்டத்தன்று ஆரோவில்லில் ஒரு வீட்டு ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டார்கள்.

"பாத்தியா பாய்? நீ வரலை, ஜெயிச்சோம்" என்று சிரித்தான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதன்பிறகு ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் ஐந்து மணிக்கு ஃபோனை அணைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போய்விடுவேன். மறுநாள் காலை ரோடெல் ஆட்டம் முழுவதையும் வாயாலேயே ஆடிக் காட்டுவான். புதிதாக வந்த ஒரு குட்டையன் பாதி மைதானத்திலிருந்தே கூடையில் போடுகிறானாம். தொடர்ந்து ஒன்பது வெற்றி. ஒருநாள் மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். பதினேழு பாயிண்ட் முன்னால் இருந்தவர்கள் அன்றைக்குக் கோட்டைவிட்டார்கள். அப்புறம் யார் சொன்னால் கேட்பேன்?

என் மனைவி ஹசீனா சொன்னாள்.

"ராசியாம் ராசி! அஞ்சு வேளை தொழுவுற மனுஷன் பேசுற பேச்சாங்க இது? ஷிர்க்குங்க, அல்லாஹ்வுக்கு இணை வைக்கிற பாவம். அந்த ஆளு ஒண்டியா ஒக்காந்து பாக்குறாரு. கூட ஆள் வேணும்னுதான கூப்புடுறாரு?"

"உனக்கு ஆட்டம் தெரியுமாடி?"

"ஆட்டம் தெரியாது. மனுஷங்களத் தெரியும்."

பெரிய இவள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அரையிறுதியையும் தாண்டி இறுதிக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்தாயிற்று, ஐந்தாவது ஆட்டத்தில்தான் கோப்பை. முந்தின நாள் ரோடெல் கூப்பிட்டான். முகம் வீங்கியிருந்தது. எங்களுக்குள் இந்தியும் இங்கிலீஷும் கலந்த பாஷை. தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"பாய், நாளைக்கு நீ வரணும்."

"டேய் லூசு, கப்பு வேணாமா உனக்கு?"

"தோத்தா தோக்கட்டும். இவ்ளோ வருஷம் ஒண்ணாதான தோத்தோம்? நாளைக்கு என் கூட ஒக்காரு."

"சரி, வர்றேன்டா."

"ப்ராமிஸ்?"

"வல்லாஹி."

அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தேன். இத்தனை வருஷம் அவன் காத்திருந்த கோப்பை. என் மூஞ்சியைக் காட்டி அதைக் கெடுப்பதா? நாளைக்கு நாலு கெட்ட வார்த்தை திட்டுவான், வாங்கிக்கொள்ளலாம். அவனுக்காகத்தானே செய்கிறேன்? அணைத்துவிட்டேன். உப்பளத்தில் மழைத்தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. பாத்தியில் ஓர் ஆள் இல்லை. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். பெருமையாக நின்றேன், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

வழியில் மஃரிப் தொழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு மேல் ஃபோனைத் திறந்தேன். பதினான்கு மிஸ்டு கால். கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னால் ஊரே வெடி போட்டுக் கத்துகிறது. அவன் குரல் மட்டும் மெதுவாக இருந்தது.

"ஜெயிச்சிட்டோம் பாய். உன் ராசியால இல்ல. நம்மாளுங்க நல்லா ஆடினாங்க. நீ பாத்திருக்கணும்."

நான் என்ன செய்தேன்? "பாத்தியாடி, ஜெயிச்சிட்டானுங்க!" என்று ஹசீனாவிடம் குதித்தேன். அவனைக் கூப்பிடவில்லை. கோபம் ஆறட்டும் என்று விட்டேன். மறுநாளும் கூப்பிடவில்லை. திட்டு வாங்கப் பயம், வேறென்ன? மூன்றாம் நாள் மதியம் அவன் நம்பரிலிருந்து கால் வந்தது. அவனே இறங்கி வந்துவிட்டான் என்று, எடுத்ததும் "சாம்பியன்!" என்று கத்தினேன்.

பேசியது அவன் மனைவி மாரிஸெல். காலையில் ரோடெல் போய்விட்டான் என்றாள். ஆட்டத்தன்று அவனுக்கு டயாலிசிஸ் முறை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்று இவள் கெஞ்சியிருக்கிறாள். பாய் வருகிறான், வீட்டில்தான் பார்ப்பேன், ஒருநாள் தள்ளிப்போனால் செத்துவிட மாட்டேன் என்றானாம். ஆட்டம் முடிந்த ராத்திரி, விடியும் முன்பே மூச்சு முட்டிவிட்டது. தூக்கிக்கொண்டு போனதுதான், பிறகு வீடு திரும்பவில்லை.

"ஒவ்வொரு தடவை ஆட்டம் நிக்கும்போதும் உங்களத்தான் கூப்பிட்டார். ஜெயிச்சப்புறம் ஊர்க்காரங்க வந்து கூப்பிட்டாங்க, வெளிய போகலை. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தார். ஏன் பாய் எடுக்கலை?"

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்கு வக்கில்லை.

"டவர் இல்லம்மா" என்றேன். "இங்க நல்ல மழை."

"நானும் அதைத்தான் அவர்கிட்ட சொன்னேன்" என்று அழுதாள். "டவர் இல்லாம இருக்கும், நாம பாப்போம்னேன். பாய் சத்தியம் பண்ணிட்டான், எப்படியும் வந்துடுவான்னார்."

ஹசீனா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.