நம்பர் இறங்கிய நாள்

என் மைத்துனனின் ரத்தத்தை நான் முதன்முதலில் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில். அவன் என் மனைவியின் தம்பி. நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். மற்றவர்களைப் போலவே வரிசையில் வந்து, என் எதிரே உட்கார்ந்து, சட்டைக் கையை மடக்கப் பார்த்தான். கை பருத்திருந்ததால் துணி மேலே ஏறவில்லை.

"லிவர் டெஸ்ட் மட்டும் போதும், மாமா."

சும்மா இருக்கிற யாரும் அது மட்டும் போதும் என்று வந்து கேட்பதில்லை. விசாரித்தேன். ஒளிக்காமல் சொன்னான். ஜிம் மாஸ்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை, ஆறு வாரமாக.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர் 'குச்சி'. இவ்வளவு சதை போட்ட பிறகும் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை. வேலை செருப்புக் கடையில். காலையிலிருந்து பிறர் காலடியில் மண்டியிட்டு அளவு பார்க்கிறவன், மாலையில் ஜிம் கண்ணாடி முன்தான் நெஞ்சை நிமிர்த்துகிறான் என்பது எனக்குப் புரிந்தது. அதனால் குரலை உயர்த்தாமலே சொன்னேன்.

"விட்டுடு மாப்ள. கல்லீரல் ஒண்ணுதான் இருக்கு."

"அதுக்குத்தானே டெஸ்ட்டு? நீங்க எடுக்கலேன்னா வெளியில எடுத்துக்குவேன். உங்க கைன்னா ஒரு தைரியம். அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

வெளியே எங்கோ போவதைவிட என் கண் முன்னால் இருக்கட்டும் என்று நினைத்து ஊசியைக் குத்தினேன். அந்த மாதம் எல்லாம் சரியாகவே இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே.

மூன்றாவது மாதம் தோள் அகன்ற இரண்டு பேர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "லிவர் மாமா நீங்கதானே?" என்றார்கள்.

"யாருப்பா அப்படிச் சொன்னது?"

"குச்சி அண்ணன் ரிப்போர்ட்டை மாஸ்டர் எல்லாருக்கும் காட்டினாரு. சுத்தமா இருக்கு, பயமில்லாம போடுங்கன்னாரு. எங்களுக்கும் பாத்துச் சொல்லுங்க."

மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். காவலுக்கு நிற்பதாக நினைத்துக்கொண்டு மாதாமாதம் அனுமதிச் சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நான்காவது மாதம், கல்லீரல் அடிபட்டால் ஏறும் எஸ்.ஜி.பி.டி. இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு ஏறியிருந்தது. அவனைத் தனியே அழைத்துக் காட்டினேன்.

"கனமா தூக்கினாலே அது ஏறும் மாமா. மாஸ்டர் முன்னாடியே சொல்லிட்டாரு."

அதில் பாதி உண்மை. தசை அடிபட்டாலும் அந்த நம்பர் ஏறத்தான் செய்யும். முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வார்த்தையில் உடைத்திருப்பேன். "பத்து நாள் எடை தூக்காதே, மாத்திரையும் வேண்டாம், டாக்டரைப் பாரு, மறுபடி எடுக்கலாம்" என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவன், பிறகு ஐந்து வாரம் என் பக்கமே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தட்டில் கை வைக்காமல் முழங்கையைச் சொறிந்தான், கழுத்தைச் சொறிந்தான், சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்தான்.

"என்னடா, குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்று என் மனைவி சிரித்தாள்.

"புது சோப்பு ஒத்துக்கல, அக்கா."

அவன் தலை நிமிர்ந்தபோது கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்றே ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ரத்தத்தைச் சுழற்றி எடுத்தபோது மேலே பிரிந்து நின்ற நீர், பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் பதினான்கு. ஒன்றைத் தாண்டக்கூடாத கணக்கு அது. தசையிலிருந்து வராது.

டாக்டர் கேட்க, நான் தேதிவாரியாகச் சொன்னேன். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்துக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் உக்காந்து ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தீங்க."

 

இதற்கென்று தனி மருந்து கிடையாது என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தானாக இறங்கும். இறங்காமல் கல்லீரல் கைவிட்டவர்களும் உண்டு. அடுத்த வாரம் பதினேழானது. அதற்கடுத்த வாரம் பத்தொன்பது. அரிப்பில் அவனுக்குத் தூக்கமில்லை. தோள் வற்றிச் சட்டை தொங்கியது. மனைவி ஈரத்துணியால் அவன் முதுகைத் துடைத்தபடி, "என் குச்சி, என் குச்சி" என்பாள். அந்தப் பெயருக்கு அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

நான்காவது வாரம் இயந்திரத்திலிருந்து வந்த தாளை இரண்டு முறை படித்தேன். பதினொன்று. நம்ப முடியாமல் அதே ரத்தத்தை மறுபடி ஓட்டினேன். மீண்டும் பதினொன்றுதான். மேலே அவன் படுத்திருந்த வார்டுக்கு மாடிப்படியில் ஓடியே போனேன். மனைவி தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் கையைப் பிடித்தாள்.

"டேய், பாதிக்குப் பக்கமா இறங்கிடுச்சுடா!"

அவன் எழுந்து உட்கார்ந்தான். தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தான்.

"அப்போ இன்னும் ஒண்ணரை மாசத்துல நார்மல் ஆயிடும், இல்ல மாமா?"

"ஆகலாம்."

"நீ பயப்படாத அக்கா. மாத்திரையை இனிமே தொடவே மாட்டேன், சத்தியமா. கெடுத்தது மாத்திரைதான். ஊசின்னா நேரா ரத்தத்துக்குப் போயிடும், லிவருக்கு ஒண்ணும் ஆகாது. மாஸ்டர்கிட்ட நேத்தே போன்ல கேட்டுட்டேன்."

அவள் என் கையை விட்டாள். அவனுடைய முகத்தில் திருட்டுத்தனமே இல்லை. அக்காவுக்கு ஆறுதல் சொல்கிற முகம்.

"என்னங்க," என்று என் பக்கம் திரும்பினாள், "ஏதாவது சொல்லுங்களேன். உங்க பேச்சைத்தான் கேப்பான்."

ஊசி மருந்தும் ரத்தத்தோடு கல்லீரல் வழியாகத்தான் போகும் என்று சொன்னேன். இதயத்தையும் சேர்த்துக் கெடுக்கும் என்றேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் மறுபடி சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். இடையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"சரி மாமா," என்றான் கடைசியில். "போட்டா, மாசாமாசம் உங்ககிட்டயே வந்து டெஸ்ட் பண்ணிக்கறேன். அது போதும்ல?"